காலடர் முகட்டின் பதில் தட்டு

மழை விட்டாலும் மரங்கள் விடாமல் சொட்டிக்கொண்டிருக்கும் ஊர் டென்பி. வாஷிங்டன் மாநிலத்து மலைகளின் காலடியில், மரம் வெட்டிப் பிழைத்த சனங்கள் கட்டிய ஊர். மார்லிஸ் ஹாகன் அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றாள், அங்கேதான் ஆர்வல் ஹாகனைக் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது அவள் வேலை. மூடுபனி மூடின மலைவளைவுகளில் அந்த மஞ்சள் பஸ்ஸை, பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற மாதிரி அவ்வளவு பதனமாகக் கொண்டுபோவாள்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் கடைசிப் பிள்ளையும் இறங்கினபிறகு, பஸ்ஸைப் பூட்டுமுன் பின்வரிசைவரை நடந்துபோய் ஒவ்வொரு சீட்டுக்கடியிலும் குனிந்து பார்ப்பாள். ஏதாவது குழந்தை தூங்கிப்போயிருந்தால்? "எல்லாரும் இறங்கியாச்சுன்னு கண்ணால பாக்காம எனக்குத் தொண்டையில சாப்பாடு இறங்காது" என்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு, சொந்தப் புருஷன் விஷயத்தில் அப்படிக் கடைசிவரை போய்ப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஒரு நவம்பர் காலையில் ஆர்வல் எல்க் மான் வேட்டைக்குக் காலடர் முகட்டுக்குப் போனான். திரும்பவில்லை. மரக்கம்பெனி ரோட்டுக் கேட்டருகே அவன் வண்டி பூட்டியபடி நின்றது. உள்ளே பிளாஸ்க்கில் பாதிக் காபி. ஷெரிப்பின் ஆட்கள் நாய்களோடு வந்தார்கள். முகட்டின் அந்தப்பக்கம் செங்குத்தாக ஒரு பள்ளம் இறங்கும். அதன் விளிம்புவரை நாய்கள் மோப்பம் பிடித்துப் போயின. அங்கே உட்கார்ந்துகொண்டன. வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். வாலைக் கவட்டுக்குள் செருகிக்கொண்டு முனகினவே தவிர ஓரடி இறங்கவில்லை. அன்றைக்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. பனி உருகினபின் பேருக்கு இன்னொரு தரம் தேடினார்கள். அத்தோடு சரி.

மார்லிஸ் தனியாக இறங்கப் பார்த்தாள். வழுக்குப்பாறையில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம். மோதிரத்தைக் கழற்றவும் முடியாமல், கறுப்பு உடுத்தவும் முடியாமல் வருஷங்கள் போயின. கோயிலில் மற்றவர்கள் செத்தவர்களுக்காக ஜெபிக்கும்போதும் எழுந்து நிற்பாள், பிரயாணம் போனவர்களுக்காக ஜெபிக்கும்போதும் எழுந்து நிற்பாள்.

காலடர் முகட்டுக்கு அதன்பிறகும் போய்வந்துகொண்டிருந்தவர்கள் ஒரே ஒரு கூட்டத்தார்தான். பிக்ஃபுட்டைத் தேடுகிறவர்கள். ஆளைவிட உயரமாய், உடம்பெல்லாம் ரோமமாய், இரண்டு காலில் நடந்து காட்டுக்குள் மறைகிறது என்று ஊரில் பாதிப் பேர் சத்தியம் செய்யும் அந்த ஒன்றை, கூட்டத்தார் பேர் சொல்லிப் பேசமாட்டார்கள். 'பெரியவர்' என்பார்கள்.

மார்லிஸ் அவர்களிடம் போய் நேராகவே சொன்னாள். "உங்க பெரியவரை நான் நம்பலை. ஆனா நீங்க மட்டுந்தான் அந்தக் காட்டுக்குப் போறீங்க. அவரைத் தேடுறப்ப என் வீட்டுக்காரரையும் பாத்துக்கிட்டே தேடுங்க. நானும் வரேன்."

கூட்டத்தின் தலைவர் வென்டெல், பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "சேத்தே தேடுவோம் மார்லிஸ்" என்றார்.

அவர்கள் தேடும் விதம் இது. ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். ஒருவர் கனத்த கட்டையால் மரத்தில் ஓங்கித் தட்டுவார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பெரியவர் அந்த வட்டாரத்தில் இருந்தால் அவரும் மரத்தில் தட்டிப் பதில் சொல்வார் என்பது நம்பிக்கை. ஒருமுறை இரண்டு குழுவாகப் பிரிந்துபோய், ஒரு குழு தட்ட மற்றது தட்ட, மத்தியானம் முழுக்கத் தங்களுக்குத் தாங்களே பதில் சொல்லிக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஒன்றுகூடிப் பீர் பாட்டிலைத் திறந்து கதை பேசினபிறகுதான் குட்டு உடைந்தது. அதிலிருந்து, தட்டுமுன் வாக்கி டாக்கியில் ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தைச் சொல்லவேண்டும், தலைவரைத் தவிர யாரும் தட்டக்கூடாது என்று சட்டம்.

ஒரு அக்டோபர் சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்துப் பின்னறையில் கூட்டம் கூடியது. மார்லிஸ் ஹக்கிள்பெரிப் பழத்தை உள்ளே வைத்து 'பை' என்கிற பலகாரம் சுட்டு எடுத்துவந்து வெட்டிக்கொண்டிருந்தாள். சலூன் வைத்திருக்கும் கோரீன் மேசைமேல் ஒரு பிளாஸ்டர் அச்சை டம்மென்று வைத்தாள். முழங்கை நீளத்துக்கு ஒரு காலடி.

"பெல் ஏரிக்கரையில எடுத்தது. ஈரம் காயாத தடம். இதுக்குமேல என்னய்யா வேணும் உங்களுக்கு?"

மரம் அறுக்கும் மில்லில் ரம்பம் தீட்டும் வேலை பார்த்த டாய்ல் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினான். பெரியவர் இல்லவே இல்லை என்று நிரூபிப்பதற்காகவே கூட்டத்தில் சேர்ந்தவன் அவன். "கரடி. முன்னங்கால் வச்ச தடத்துமேல பின்னங்காலை வச்சிருக்கு. ரெண்டும் ஒண்ணாத் தெரியுது."

"நீ கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்தாலும் கரடின்னுதான் சொல்லுவே."

"காலைல எந்திரிச்ச உடனேயா? எனக்கே சந்தேகமாத்தாம்மா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். வென்டெல் மட்டும் சிரிக்கவில்லை. "விளையாட்டு போதும். காலடர்ல நாம வருஷக்கணக்காத் தட்டுறோம். ஒரு பதில் உண்டா? பனிக்காலத்துக்குள்ள எல்லாச் சாமானையும் பெல் ஏரிக்கு மாத்திரலாம்னு நினைக்கிறேன்."

மார்லிஸின் கத்தி பாதி வெட்டில் நின்றுவிட்டது. "அந்தப் பள்ளத்துக்குள்ள நாம இன்னும் இறங்கலையே, வென்டெல்."

"இறங்கலைதான். வழுக்குப்பாறை. ஒருத்தர் விழுந்தா தூக்க முடியாது. உள்ளேருந்து ஒரு பதில் வரட்டும், கயிறு கட்டி நானே முதல்ல இறங்குறேன். ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு மனுசங்களை இறக்க என் மனசு ஒப்பலை."

"ஒண்ணுமே இல்லையா?" என்றாள் மார்லிஸ். மெதுவாகத்தான் கேட்டாள். வென்டெலுக்கு முகம் சிவந்துபோயிற்று.

"அடுத்த சனிக்கிழமை கடைசியா ஒரு தடவை போவோம்" என்றார். "பதில் வந்தா இறங்குவோம். வரலைன்னா என்னை மன்னிச்சிரு."

அந்த வாரம் முழுக்க மார்லிஸ் பஸ் ஓட்டினாள், பிள்ளைகளுக்குக் காலை வணக்கம் சொன்னாள், கடைசி சீட்வரை போய்ப் பார்த்தாள். உள்ளுக்குள் ஒரே ஒரு நினைப்புத்தான் புழுவாய்க் குடைந்தது. ஒரு பதில். ஒரே ஒரு பதில் வந்தால் போதும். கட்டை எல்லோர் கையிலும்தானே இருக்கிறது.

சனிக்கிழமை முகட்டில் மூடுபனி பாலாய் இறங்கியிருந்தது. வென்டெல் உச்சியில். கோரீன் ஓடை வளைவில். டாய்ல் ரோட்டுக் கேட்டில். மார்லிஸ் பள்ளத்து விளிம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொருவரும் வாக்கி டாக்கியில் தங்கள் இடத்தைச் சொல்லி ஓய்ந்தார்கள்.

வென்டெல் தட்டினார். ஓசை பனிக்குள் உருண்டு போய்க் கரைந்தது.

பதில் இல்லை.

அப்போதுதான் மார்லிஸ் கவனித்தாள், காட்டில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த நீலக்குருவி இல்லை. அணில் இல்லை. மரங்கள் சொட்டுவதுகூட நின்றுபோன மாதிரி இருந்தது. யாரோ பேசப்போகிறார்கள் என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வது போன்ற அமைதி.

வென்டெல் மறுபடி தட்டினார். பதில் இல்லை. "இன்னும் ஒரு தரம். அதோட கிளம்புவோம்" என்று வாக்கி டாக்கி கரகரத்தது.

தட்டினார்.

மார்லிஸ் கட்டையை எடுத்தாள். காய்ந்த தேவதாரு மரம் ஒன்று பக்கத்திலேயே நின்றது. 'ஆண்டவரே, பொய்தான். எனக்குத் தெரியும். இந்தப் பாவத்தை என் கணக்கில் வையும், ஆனால் அவர்களை இறங்கவையும்' என்று வேண்டிக்கொண்டு கையை ஓங்கினாள்.

டொக். டொக்.

சத்தம் கீழேயிருந்து வந்தது. பள்ளத்துக்குள்ளிருந்து. காதில் விழுந்ததைவிட உள்ளங்காலில்தான் அதிகம் தெரிந்தது. அவள் நின்ற பாறையே அதிர்ந்தது. கூடவே ஒரு நெடி ஏறி வந்தது, நனைந்த கம்பளியும் பழைய தோலும் சேர்ந்தாற்போல. ஓங்கின கை ஓங்கினபடியே நின்றது. பனிக்குள் ஏதோ ஒன்று நீளமாக மூச்சுவிட்டது. அப்புறம் அதுவும் இல்லை. அணில் ஒன்று கிறீச்சிட்டது. மரங்கள் சொட்டத் தொடங்கின.

"கேட்டுச்சா? கேட்டுச்சா?" என்று கோரீன் வாக்கி டாக்கியில் அலறினாள். மூச்சிரைக்க எல்லோரும் விளிம்புக்கு ஓடிவந்தார்கள். வந்தவர்கள் கண்டது, கட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கும் மார்லிஸை.

வென்டெல் கட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மார்லிஸ், நீ தட்டுனியா? சொல்லு. நீ இல்லைன்னு சொன்னா நம்புறேன்."

"நான் தட்டலை."

கோரீன் கைதட்டிக் குதித்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம் மார்லிஸ். நிறுத்தியிருந்தால் கயிறு அப்போதே இறங்கியிருக்கும். ஆனால் மார்லிஸ் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா தட்டத்தான் எடுத்தேன். உங்களை ஏமாத்தணும்னுதான் எடுத்தேன். அதுக்குள்ள கீழேருந்து வந்துருச்சு" என்றாள்.

கோரீனின் முகம் சுருங்கிப்போயிற்று. "எங்களை இப்படிப் பைத்தியக்காரங்களா ஆக்கப் பாத்தியே. ஊரெல்லாம் சிரிக்கிறது பத்தாதா?"

"கையில கட்டையோட நிக்கிறப்ப வந்த சத்தத்தை நான் எப்படிம்மா ஏத்துக்குறது?" என்றார் வென்டெல். "கிளம்புவோம்."

இருவரும் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். டாய்ல் மட்டும் நகரவில்லை. கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீயும் போ டாய்ல்."

"இரு. யோசிக்கிறேன். பொய் சொல்ல வந்தவ, பொய் பலிச்ச நேரத்துல எதுக்கு உண்மையச் சொல்லணும்? எந்தக் கோணத்துல பாத்தாலும் பொருந்தலை." கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "பெரியவராவது சின்னவராவது. ஆனா கீழ என்னமோ இருக்கு. வண்டியில கயிறு கிடக்கு, எடுத்துட்டு வரேன்."

நடுப்பகல் வெளிச்சத்தில்தான் இறங்கினார்கள். ஆனால் உள்ளே போகப்போக வெளிச்சம் பச்சையாகி, பிறகு சாம்பலாகிவிட்டது. பாசி கால்களை விழுங்கியது. டாய்ல் முன்னால் போனவன் நின்று அண்ணாந்தான்.

ஃபிர் மரத்தின் முறிந்த கிளையொன்றில் வேட்டைக்காரர் போடும் ஆரஞ்சுத் தொப்பி மாட்டியிருந்தது. வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போயிருந்தது. டாய்ல் ஊரிலேயே நெட்டை. அவன் கையைத் தூக்கி எம்பியும் எட்டவில்லை.

மரத்தடியில் மனிதன் நீளத்துக்கு ஒரு மேடு. மேலே ஃபிர் தழைகள் அடுக்கியிருந்தன. டாய்ல் மண்டியிட்டு மெல்ல விலக்கினான். அடியில் பழுப்பாய் உதிர்ந்த தழை, அதற்குமேல் காய்ந்தது, அதற்கும்மேல் பசுமையானது. எல்லாவற்றுக்கும் கீழே வேட்டைக்காரன் பூட்ஸ். பித்தளைக் கொக்கி வைத்த பெல்ட். அந்தக் கொக்கியை மார்லிஸ்தான் வாங்கிக்கொடுத்திருந்தாள். கால் எலும்பு ஒன்று முறிந்திருந்தது. பாறையிலிருந்து விழுந்திருக்கவேண்டும். ஆனால் விழுந்தவன் விழுந்தபடி இல்லை. யாரோ நேராகக் கிடத்தியிருந்தார்கள். துப்பாக்கி பக்கத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

"கரடி இரையை மூடி வைக்கும்" என்று தொடங்கினான் டாய்ல். "மண்ணை வாரிப் பறண்டிப் போட்டு..." மேலே சொல்லவில்லை. தழைகள் எல்லாம் ஒரே பக்கம் நுனி பார்க்க, கூரை வேய்ந்த மாதிரிக் கிடந்தன. காம்புகளில் வெட்டுவாய் இல்லை, முறுக்கி ஒடித்தவை. அவன் விரல்களில் பிசின் ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தது. காயவே இல்லை.

மார்லிஸ் அழவில்லை. ஆர்வலின் தலைமாட்டில் முழங்கால் போட்டு, செத்தவர்களுக்கான ஜெபத்தைச் சொன்னாள். முதன்முதலாக, இதுதான் தன் ஜெபம் என்று தெரிந்து சொன்னாள். பிறகு இன்னொரு ஜெபம் தொடங்கினாள். அவரை மூடினவருக்காக. பேர் தெரியாததால் பேர் சொல்லவில்லை.

பள்ளத்தின் எதிர்ச்சரிவில் ஒரு கனத்த கிளை முறிந்தது.

"மார்லிஸ்" என்றான் டாய்ல், உதடு அசையாமல். "திரும்பிப் பாக்கட்டுமா?"

"வேண்டாம் டாய்ல். ஜெபம் முடியட்டும்."

முடியும்வரை அவர்கள் திரும்பவில்லை. முதுகில் ஒரு பார்வை வெயில்போல் பட்டுக்கொண்டிருந்ததை இருவருமே பிற்பாடு ஒத்துக்கொண்டார்கள்.

ஷெரிப்பின் ஆட்கள் வந்தார்கள், ஆர்வலைக் கொண்டுபோனார்கள், கோயில் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. மூடிவைத்தது கரடி என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் வென்டெல் எழுந்து எல்லோர் முன்னிலும் மார்லிஸிடம் மன்னிப்புக் கேட்டார். கோரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும், "பெல் ஏரி கிடக்கட்டும். பள்ளத்தைச் சுத்திக் கேமராவை மாட்டுவோம். இந்தத் தடவை விடக்கூடாது" என்றாள். அறை முழுக்க ஆமாம் ஆமாம் என்றது.

"நீங்க பெல் ஏரிக்கே போங்க" என்றாள் மார்லிஸ்.

வென்டெல் திகைத்தார். "நீயா சொல்றே? காலடரை விடாதீங்கன்னு எங்க காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினவ நீதானே?"

"ஆமா. எனக்கு வேண்டியவரு அங்க இருந்தாரு, கெஞ்சினேன். இப்ப இல்லை. நீங்க யாரும் போகாத இடத்துல, நாய்கூட இறங்காத இடத்துல, ஒருத்தர் வருஷம் தவறாம வந்து அவருக்குப் போர்த்திவிட்டிருக்காரு. அவரைப் போய்க் கேமரா வச்சுப் பிடிக்கவா?"

"அப்ப, நீ நம்புறே" என்றாள் கோரீன்.

"எதை நம்புறேன்னு எனக்கே தெரியலை. பயமா இருக்கு. ராத்திரி ஜன்னல் திரையை இழுத்து விட்டுட்டுத்தான் படுக்கிறேன். ஆனாலும் அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க."

வாக்கெடுப்பு நடந்தது. பெல் ஏரிக்கு முதலில் கை தூக்கினவன் டாய்ல். அவனைப் பார்த்து வென்டெல் தூக்கினார். கடைசியாக, மேசைமேலிருந்த பிளாஸ்டர் காலடியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, கோரீனும் தூக்கினாள்.