வெர்லீனும் வாத்து மசோதாவும்

"ஹோலிஸு ஆபீஸா? வெர்லீன் பேசறேன். சண்டைய நிறுத்தியாச்சா?"

பால் வந்தாச்சா என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்பார். "இன்னும் இல்லீங்கம்மா" என்பேன். "என்னதான்டா பண்றீங்க அங்க உக்காந்துகிட்டு?" என்று ஒரு வசை விழும். அதற்குப் பிறகுதான் வானிலை, முட்டி வலி, ஊர் வம்பு எல்லாம்.

வாஷிங்டனில், மக்கள் சபை உறுப்பினர் ஹோலிஸ் கிரெய்டனின் அலுவலகத்தில் வாசல் மேசை என்னுடையது. ஆர்கன்சாவில் எங்கள் தொகுதி ஜனங்கள் விடுகிற சாபமெல்லாம் முதலில் என் காதில்தான் விழும். வெர்லீன் ஸ்டாட்கில் அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியை ஓரம் கட்டி, சர்க்கரைப் பாகு மாதிரி காப்பியைக் குடித்துக்கொண்டே எனக்குப் போன் போடுவார். பேச்சு நடுவே திடீரென்று "டேய், உக்காருடா!" என்று அதட்டுவார். "யாரும்மா பஸ்ல?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒருத்தனும் இல்ல தம்பி. கண்ணாடியப் பாத்தா வாய் தானா கத்துது."

ஒரே மகள் மார்னி, படையில் லாரி மெக்கானிக். அதிபர், மக்கள் சபையை ஒரு வார்த்தை கேட்காமல் ஆரம்பித்த போரில், பாலைவன முகாம் ஒன்றில் இருக்கிறாள். ராத்திரியானால் அங்கே வானத்திலிருந்து குண்டு விழுகிறது. "இருக்கேன்மா" என்று ஒரு வரி அனுப்புவாள். அந்த ஒரு வரி வரும்வரை வெர்லீனுக்குச் சோறு தண்ணி இறங்காது.

இப்படி நடந்தால் தடுக்கச் சட்டம் இருக்கிறது. படையைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தாலே போதும், இத்தனை நாள் என்ற கெடுவுக்குள் அதைச் சபை வாக்கெடுப்புக்கு விட்டே ஆகவேண்டும். இந்த முறையும் ஒருவர் கொண்டுவந்துவிட்டார். ஊர்க் கூட்டத்தில் வெர்லீன் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னால் ஹோலிஸை மடக்கினார். "இங்க பாரு, சின்ன வயசுல என் பஸ்ஸுல போனவன் நீ. பிள்ளைங்கள வீட்டுக்குக் கூப்பிடுன்னு ஓட்டுப் போடுவியா, மாட்டியா?"

"ஓட்டுக்கு வந்தா கண்டிப்பா 'சரி'ன்னுதான் போடுவேன்க்கா." கைதட்டலில் கூரை அதிர்ந்ததாம். அந்த 'வந்தா' ஒருவர் காதிலும் விழவில்லை.

கெடு நெருங்கியதும் வெர்லீன் லீவு போட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்தே வாஷிங்டன் வந்து சேர்ந்தார். "முந்திரிக்கொட்ட மாதிரி பிரேக் அடிக்கிறான் அந்த டிரைவரு" என்று வந்ததும் புகார். கைப்பேசியை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டுதான் சபையின் பார்வையாளர் மாடத்துக்கு விட்டார்கள். நானும் கூட உட்கார்ந்தேன்.

கீழே வாத்து வேட்டை மசோதா. அதை எப்படி விவாதிப்பது என்கிற விதிக்கு முதலில் ஓட்டு. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அந்த விதிக்குள் செருகியிருந்த வரியைப் படித்துக்காட்டிக் கத்தினார். சளசளவென்ற இரைச்சலில் யார் கேட்டார்கள்! எனக்குக் கேட்டது. வெர்லீனோ சுவரில் பெயர்களும், 'சரி' என்றால் பச்சை விளக்கும் ஒளிர்கிற பலகையில் ஹோலிஸைத் தேடிக்கொண்டிருந்தார்.

கிரெய்டன். பச்சை.

"போட்டுட்டான்! எம் பஸ்ஸுல வந்த புள்ள போட்டுட்டான்!" என்று கைதட்டிவிட்டார். காவலர் வந்து, இங்கே கைதட்டக் கூடாது என்று உதட்டில் விரல் வைத்தார். "மன்னிச்சிருங்கய்யா, சந்தோஷத்துல தட்டிட்டேன்" என்றார் வெர்லீன். அந்தச் சந்தோஷ முகத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்து சொன்னேன். "அம்மா, அது படைக்கான ஓட்டு இல்ல. வாத்துக்கான ஓட்டு."

"என்ன தம்பி உளர்ற? பச்சை எரிஞ்சுதே!"

"அந்தப் பச்சைதாம்மா தீர்மானத்தக் கொன்னுது. வருஷக் கடைசி வரைக்கும் எந்த நாளும் அந்தக் கெடுவுக்கு நாளாக் கணக்காகாதுன்னு உள்ள ஒரு வரி வச்சுட்டாங்க. நாள் ஓடலைன்னா கெடு வராது. கெடு வரலைன்னா ஓட்டெடுப்பும் கிடையாது."

வெர்லீன் சுவரில் சாய்ந்துகொண்டார். "அப்ப மார்னிக்கு? அவளுக்கு மட்டும் நாள் ஓடுமா?"

பெரிய மனிதர்கள் கூடி நாள் என்பதையே இல்லை என்றாக்கிவிட்டார்கள். முகாமில் இருக்கிறவளுக்கு ராத்திரி தவறாமல் வந்துவிடும். பாழாய்ப்போன இந்த வேலையில் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அன்றோடு போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹோலிஸ் வந்தார். கோட்டில் குட்டியாக ஒரு வாத்துச் சின்னம். "வெர்லீன்க்கா! இவ்வளவு தூரம் வந்தீங்களே! நான் சொன்ன சொல்லு மாறாது. ஓட்டுக்கு வந்தா 'சரி'தான்." கையை நீட்டினார். ஊர்க்காரர் யார் வந்தாலும் எடுக்கிற வழக்கமான படத்துக்காகப் புகைப்படக்காரர் எதிரே வந்து நின்றார். வெர்லீன் முகத்தைத் துடைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

படம் எடுத்தாயிற்று. வாத்து மசோதாவின் இறுதி ஓட்டுக்கு மணி அடித்தது. ஹோலிஸ் கையை மெல்ல இழுத்தார். வரவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு முறை இழுத்தார்.

"அக்கா, ஓட்டுக்கு மணி அடிக்குது. நேரமாச்சு."

வெர்லீன் மற்ற கையையும் கொண்டுவந்து அந்தக் கைமேல் வைத்து இறுக்கிக்கொண்டார்.