கொலுவில் நின்ற கூஜா

காஞ்சிபுரத்தில் பழைய சாமான் விற்கிறவளை யாரும் சும்மா பார்ப்பதில்லை. கோயில் ஊர். பழையது என்றாலே மக்களுக்குச் சிலைதான் ஞாபகம் வரும். பாதிப் பேர் குரலைத் தாழ்த்தி, "சிலை கிலை வருமா?" என்று கேட்பார்கள். மீதிப் பேர் கேட்காமலேயே, இவளிடம் இருக்கிறது, வெளியே காட்டமாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டுப் போவார்கள். நானும் சந்தேகப்படுவதில் யாருக்கும் இளைத்தவள் இல்லை. விலை கேட்காமல் பொருளைத் தடவிப் பார்க்கிறவர், விலையைக் கேட்டதும் சிரிக்கிறவர், இரண்டு பேரையுமே நம்பமாட்டேன்.

கடை என்றால் தனிக் கடை இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபம். ஏசி மண்டபங்கள் வந்த பிறகு அதில் கல்யாணம் நடப்பது நின்றுபோனது. அதன் சாப்பாட்டுக் கூடத்தைப் பிளைவுட்டால் தடுத்து, பழைய சாமான் விற்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார் உரிமையாளர். ஆளுக்கு ஒரு தடுப்பு. பில் போடும் மேசை வாசலில். அதில் அவரே உட்கார்ந்திருப்பார். எனக்குக் கிடைத்தது கடைசித் தடுப்பு, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில்.

இடம் கேட்டுப் போன அன்று அவர் என்னை விசாரித்தார்.

"எந்த ஊரும்மா?"

"கூரம் சார்."

"கூரத்துல எங்க?"

இந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். "காலனி சார்" என்றேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ம்" என்றார். பிறகு, "இதோ பாரும்மா, திருட்டு சாமான்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, நெசமா பொய்யான்னுலாம் கேட்டுக்கினு இருக்க மாட்டேன். அன்னிக்கே காலி பண்ணிடணும்" என்றார்.

எல்லாரிடமும் இதைச் சொல்லித்தான் இடம் கொடுத்தாரா என்று பக்கத்துத் தடுப்பில் பழைய கடிகாரம் விற்கிறவரிடம் மெதுவாக விசாரித்தேன். அவரிடம் கரண்ட் பில்லைப் பற்றி மட்டும்தான் பேசினாராம்.

ஆனாலும் அந்தத் தடுப்பு எனக்கு வேண்டியிருந்தது. வருஷக்கணக்கில் ஒரு பட்டுக் கடையில் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டியவள் நான். காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு, உட்கார்ந்து பிழைக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் அது. வீட்டில் வைத்தே விற்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். பழைய சாமான் வாங்குகிற கார்க்காரர்கள் எங்கள் தெருவுக்குள் வருவார்களா என்று அவர்கள் யோசிக்கவில்லை.

முதல் சில மாதம் ஈ ஓட்டினேன். வருகிறவர்கள் முன்னால் இருக்கிற தடுப்புகளைப் பார்த்துவிட்டு, என் பக்கம் கை கழுவ மட்டும் வந்தார்கள். பிறகுதான் எனக்கு உறைத்தது. சாமானை வாங்கத் தெரிந்த எனக்கு, அதை உட்கார வைக்கவும் தெரியுமே. பட்டுக் கடையில் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்?

வெள்ளை டியூப் லைட்டில் ஜரிகை செத்துப்போகும், மஞ்சள் பல்பில் எழுந்து உட்காரும். பித்தளையும் அப்படித்தான். டியூப் லைட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு மஞ்சள் பல்பு மாட்டினேன். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிர் நிறம். அந்தக் கணக்கில் பித்தளைக்குப் பின்னால் அரக்கு நிறத் துணி கட்டினேன். எல்லாவற்றையும் வெளியே பரப்பினால் காயலான் கடை மாதிரி ஆகிவிடும் என்று பாதி சாமானை மூட்டை கட்டி உள்ளே தள்ளினேன். கை கழுவும் இடத்து வாடைக்கு ஒரு பானைத் தண்ணீரில் வெட்டிவேர். இருக்கிற கொஞ்சம் சாமான் இரண்டு மடங்காகத் தெரியட்டும் என்று பின்னால் ஒரு பெரிய பெல்ஜியம் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். கடைசியாக, மண்டபத்தில் சும்மா கிடந்த பந்தி பெஞ்சுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் படி மாதிரி ஆக்கி, வெள்ளை வேட்டி விரித்து, மரப்பாச்சி, ஊறுகாய் ஜாடி, வெற்றிலைப் பெட்டி, கூஜா எல்லாவற்றையும் வரிசையாக ஏற்றினேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே வாங்கலாம் போலிருந்தது.

நான் செய்த ஒரே தப்பு, நாளைப் பார்க்காததுதான். அது புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள். எங்கள் தெருவில் கொலு வைக்கிற வழக்கம் இல்லை. எங்களுக்கு டிசம்பர் மாதத்துக் குடில்தான்.

கடிகாரக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, கொலு வெச்சிட்டியா! சூப்பரா இருக்குதே!"

"கொலு இல்லண்ணா, சும்மா சாமான் அடுக்கினேன்" என்று நான் சொல்வதற்குள் போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் செம்பு, அதில் மாவிலை, தேங்காய். "எங்க வீட்ல குடுத்தாங்க. கலசம் இல்லாம இன்னாமா கொலு?" என்று மேல் படியில் அவரே வைத்துக் கும்பிட்டார். நானும் கையெடுத்தேன். வேறென்ன செய்வது?

அடுத்த நாள் ஒரு பெண் மரப்பாச்சியைக் கேட்டாள். நான் எடுக்கப் போனேன். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு அம்மா, "ஐயோ, கொலுவுல வெச்சத எடுக்கக் கூடாதும்மா! விஜயதசமி முடியட்டும்" என்று என் கையைப் பிடித்தார். கேட்டவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கூட்டம் வந்தது. செல்ஃபி எடுத்தார்கள். ஒருவர் உட்கார்ந்து பாட்டே பாடினார். எல்லாரும் போகிற வழியில் கடிகாரக்காரரிடம் நின்று பேரம் பேசினார்கள். என் தடுப்பில் கூட்டம், அவர் தடுப்பில் வியாபாரம். இந்த மனிதர் வேண்டுமென்றே கலசத்தை வைத்து என் கையைக் கட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கலைத்துவிடலாம் என்றால், "காலனிக்காரி கொலுவைக் கலைச்சுட்டா" என்று ஊர் சொல்லும். போதாததற்கு உரிமையாளர் வந்து பார்த்துவிட்டு, "நல்லா கீதும்மா, அப்பிடியே வெச்சிரு" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கூட்டத்தில்தான் வேறொரு அம்மாவைக் கவனித்தேன். அறுபது வயது இருக்கும். கண்ணாடி, நல்ல பருத்திப் புடவை. தினமும் வந்தார். பாடவில்லை, கும்பிடவில்லை, படமும் எடுக்கவில்லை. மூன்றாம் படியில் இருந்த பித்தளைக் கூஜாவையே பார்த்துக்கொண்டு நிற்பார், போய்விடுவார். போலீஸ்காரர் வீட்டு அம்மாவோ, உளவு பார்க்க உரிமையாளர் அனுப்பிய ஆளோ என்று எனக்குள் ஓடியது. ஒருநாள் கேட்டார்.

"இந்தக் கூஜா எங்கருந்து வந்துச்சு?"

"ஒரு வீட்லருந்தும்மா."

"எந்த வீடு?"

"அதைச் சொல்ல மாட்டோம்மா. தொழில் அப்படி."

"சொல்ல மாட்டீங்க, இல்ல?" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போன பிறகு அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவது நம் வீடுகளில் வழக்கம். அப்படிப் பெயர் வெட்டிய சாமானை நாங்கள் பெயர் தெரியாமல் பின்பக்கமாகத் திருப்பி வைப்போம்; அடுத்தவர் பெயர் போட்ட பாத்திரத்தை யார் வாங்குவார்கள்? நானும் கூஜாவைத் திருப்பித்தான் வைத்திருந்தேன். ஆனால் அழகுக்கு என்று வைத்த பெல்ஜியம் கண்ணாடி, அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயரை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. எழுத்து இடம் வலம் மாறியிருந்தாலும், அந்தப் பெயரோடு வளர்ந்தவருக்கு அது போதும். எடுத்து ஒளிக்கலாம் என்றால் கொலு. அவர் நாளை வந்து "கூஜா எங்கே?" என்று கேட்டால் அதைவிட மோசம்.

அந்தக் கூஜாவை நான் திருடவில்லை. திருப்புட்குழியில் ஒரு பெரிய வீடு, நிலபுலம் உள்ள குடும்பம். அந்த வீட்டுக்காரர் கட்சியில் ஏதோ பொறுப்பில் இருக்கிறார். அவரே போனில் கூப்பிட்டு, மத்தியானம் தெரு அடங்கிய நேரத்தில் பின்பக்கமாக வரச் சொல்லி விற்றார். "வெளிய யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். பாத்திரத்தை விற்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள் என்று ஊர் பேசுமே என்ற பயம் எல்லாப் பெரிய வீட்டுக்கும் உண்டு. சரி சார் என்று வாக்குக் கொடுத்தேன்.

விஜயதசமிக்கு மறுநாள் காலையில் அந்த அம்மா வந்தார். கூடவே வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் ஓர் ஆள். பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. எனக்கு விற்றவர் அவர்தான். இனி அவரே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ என்னைச் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். கட்சி ஆளைக் கண்டதும் உரிமையாளரும் மேசையை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"இது எங்க அம்மா கூஜா" என்றார் அந்த அம்மா உரிமையாளரிடம். "எங்க அம்மா பேரு இருக்குது பாருங்க. அவங்க போனதுக்கப்புறம், சாமானெல்லாம் பரண் மேல பத்திரமா இருக்குதுன்னு இதோ என் தம்பி சொல்லிக்கினு இருந்தான். இங்க வந்து பாத்தா கொலுவுல இருக்குது. வித்துடப் போறாங்கன்னுதான் தெனம் வந்து பாத்துக்கினு இருந்தேன்."

"திருட்டுப் போயிருக்குதுக்கா. நான்தான் கவனிக்கல" என்றார் தம்பி.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கொடுத்த வாக்கு அதோடு போயிற்று. "நீங்கதானே சார் எனக்கு வித்தீங்க?"

"நானா? உன்ன நான் பாத்ததே இல்லியே!"

"உங்க வீட்டுக்கு வந்தேனே சார். பின்னாடி கெணறு, பக்கத்துல முருங்க மரம், பச்சை பெயிண்ட் அடிச்ச கதவு…"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது, நான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன் என்று.

"பாத்தியாக்கா? கதவு கலரு வரைக்கும் நோட்டம் பாத்து வெச்சிருக்குது" என்று சிரித்தார்.

உரிமையாளர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "மொதல்லயே சொன்னேன் இல்லம்மா? இன்னிக்கே காலி பண்ணிடு." கடிகாரக்காரர் தன் கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அந்த அம்மா. என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு எங்க வீட்ல உனக்குக் காப்பி குடுத்தாங்களா?"

இது என்ன கேள்வி? இதிலும் ஏதோ பொறி இருக்கிறது என்றே தோன்றியது. "குடுத்தாங்கம்மா."

"எதுல குடுத்தாங்க?"

இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. டீக்கடையில் இப்போது எல்லாருக்கும் பேப்பர் கப்தான். அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் எவர்சில்வர் டம்ளர் அடுக்கியிருக்கிற வீட்டில், ஒரு ஆளுக்கு மட்டும் பேப்பர் கப் வருவது எதற்கு என்று கைக்கு வந்தவுடனேயே தெரிந்துவிடும். அன்று அதைக் குடிக்காமல் கீழே ஊற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை. குடித்தேன்.

"பேப்பர் கப்புலம்மா" என்றேன். "கதவுக்கு வெளிய நிக்க வெச்சுக் குடுத்தாரு. குடிச்சதுக்கு அப்புறம், கப்ப இங்க போடாத, கையோட எடுத்துக்கினு போயி ரோட்டுல போட்டுடுன்னாரு."

அந்த அம்மா தம்பியைப் பார்த்தார். "திருட வந்தவளுக்கு எவன்டா காப்பி குடுத்து அனுப்புவான்?"

தம்பிக்கு அந்த நேரத்தில் போன் வந்துவிட்டது. வந்ததோ இல்லையோ, காதில் வைத்துக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. உரிமையாளர், "சரி சரி, நீ பாட்டுக்கு வியாபாரத்தப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போனார்.

நான் கலசத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு கூஜாவை இறக்கித் துணியில் சுற்றினேன். சும்மா கொடுத்துவிடலாம் என்று வாய் வரை வந்தது. அந்த அம்மா அப்படிக் கேட்கவுமில்லை, நான் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டார். மடியில் கூஜாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் என்னிடம் மன்னிப்பு கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? அவர் அந்தக் கப்பைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்குத் தோன்றியது: அவர் கேள்வி கேட்டது பதில் தெரிந்துதான். அவரும் அந்த வீட்டில் வளர்ந்தவர்தானே.

எழுந்து போகும்போது, "பெரிய காஞ்சிபுரத்துலதான்மா என் வீடு. பழைய சாமான் நெறைய இருக்குது. ஒருநாள் வாயேன், காப்பி சாப்ட்டுக்கினே பாக்கலாம்" என்றார். குரலில் அன்பு இருந்தது. பொய்யான அன்பு என்று சொல்ல மாட்டேன்.

"வரேம்மா" என்றேன்.

அவர் கொடுத்த நம்பர் என் போனில் இருக்கிறது. தடுப்பும் இருக்கிறது, வியாபாரமும் பரவாயில்லை. நல்ல சாமான் அங்கே நிச்சயம் கிடைக்கும். இன்னும் நான் போகவில்லை. காப்பியை எதில் கொண்டுவந்து வைப்பார் என்று பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.