ஒரே பேசின், அறுபது பிள்ளைகள்

அக்கா தங்கை இருவரில் தங்கை, பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்த்துக்கொண்டே சண்டை போட்டு வாங்கியவை இவை: பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் ஆறு குழாய்கள். ஒவ்வொரு குழாயடியிலும் கயிற்றில் தொங்கும் சோப்பு. காய்க்கு ஒரு கத்தி, இறைச்சிக்கு வேறு கத்தி. தலைமையாசிரியரே ஆனாலும் செருப்போடு சமையற்கட்டுக்குள் வரக்கூடாது என்ற சட்டம். ஒரு நாள்கூடப் பள்ளியில் படிக்காத ஒருத்தி இவ்வளவையும் வாங்கினாள் என்றால் எத்தனை பேரிடம் வாயைக் கொடுத்திருப்பாள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் வருவதற்கு முன்பு சோப்பு பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். மேலதிகாரி வரும் நாளில்தான் வெளியே வரும். ஒரு திங்கட்கிழமை அப்படித்தான் கை கழுவும் விழா வைத்தார்கள். சுவரில் படம், ஒலிபெருக்கி, மேசைமேல் ஒரே ஒரு பேசின். அறுபது பிள்ளைகளும் அந்த ஒரே தண்ணீரில் கையை முக்கி, ஒரே துண்டில் துடைத்தார்கள். வரிசையில் ஏழாவதாக நின்ற பிள்ளை காலையிலிருந்து மூன்று முறை கழிப்பறைக்கு ஓடியதைத் தங்கை பார்த்திருந்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"சார், அது தண்ணியா, சாக்கடையா? குழாயைத் திறந்து ஓடுற தண்ணியில கழுவச் சொல்லுங்க."

"நீ போய் அடுப்பைப் பாரும்மா," என்றார் தலைமையாசிரியர். "ஃபோட்டோவுல குறுக்க வராத."

அதே கையோடு பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டே நாளில் பத்தொன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு.

வியாழக்கிழமை எழுத்தர் ஒரு தாளும் ஸ்டாம்ப் பேடும் கொண்டுவந்து நீட்டினார். "வழக்கமான காகிதம்தான். கைநாட்டு வை."

"எங்க அக்கா படிச்சுச் சொல்லட்டும்," என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற அக்கா, விரல் வைத்து நிதானமாகப் படித்தாள். 'பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்குச் சமையல் செய்பவரின் கை சுத்தமின்மையே காரணம். இதை அவரே ஒப்புக்கொள்கிறார்.'

"என் கையா?" என்றாள் தங்கை. "நகம் வளர்ந்து பாத்திருக்கியா நீ?"

அவள் சொல்லச் சொல்ல அக்கா வேறொரு தாளில் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். பேசின் ஒன்று, துண்டு ஒன்று, பிள்ளைகள் அறுபது. ஏழாவது பிள்ளையையும் விடவில்லை.

"இதுக்குக் கைநாட்டு வேணாம்க்கா. யாரோ வைன்னாங்க, அவ வச்சிட்டான்னு சொல்லிருவாங்க. என் பேரை எழுதக் காட்டு."

"வேலை போயிரும்டி."

"போகட்டும். பதினோரு வருஷமா தேய்ச்சுக் கழுவுற கை. அதை அழுக்குன்னு எழுதின இடத்துல வாயை மூடிக்கிட்டு வேலை பாக்கச் சொல்றியா?"

மூன்று நாள் தரையில் சாக்பீஸால் எழுதினாள். அழுத்திய அழுத்தில் நாலு சாக்பீஸ் ஒடிந்தது. திங்கட்கிழமை காலை தலைமையாசிரியரின் மேசைமேல் தன் தாளை விரித்து, அவர் கண்ணெதிரே, எழுத்துப் பிசகாமல் கையெழுத்துப் போட்டாள். அன்று தேதி 2019 மார்ச் 18.