பித்தளைப் பூவுக்குச் சந்தனம்

எங்கள் ஜின்னிங் மில்லுக்குத் தீயணைக்கும் குழாய் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சீமையிலிருந்து வந்த விலைப்பட்டியலில் இரண்டு வகைக் குழாய் போட்டிருந்தது. ஒன்றில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும். மற்றதில் வெறும் காற்று. முதலாளி இரண்டு படத்தையும் பார்த்தார். "பஞ்சுப் பொதிக்கு மேல எவனாச்சும் தண்ணிக் குழாயத் தொங்க விடுவானா? காத்துக் குழாயே வரட்டும்" என்று எழுதிப் போட்டுவிட்டார். குழாயில் தண்ணீர் உறைந்து கல்லாகிவிடும் என்று பயப்படுகிற பனி நாட்டுக்காரர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது என்பது, எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தேனியில் அப்போது ஐஸைக் கண்ணால் பார்த்தவர்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் அந்த எண்ணிக்கையில் இல்லை.

பொதி அடுக்கும் கிட்டங்கியின் கூரைக்குக் கீழே ஓடிய இரும்புக் குழாய்களில் எண்பத்து நாலு பித்தளை வாய்கள் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் பல்வெட்டிய தகடு ஒன்று இருக்கும். அதனால் மில்லில் எல்லோரும் அதைப் பூ என்றே சொன்னார்கள். வாயை அடைத்திருப்பது ஈயம் மாதிரி ஒரு பற்று. தீச்சூடு பட்டால் அது உருகும், வாய் திறக்கும், குழாயிலுள்ள காற்று வெளியேறும். காற்று குறைந்ததும், அதுவரை அமுங்கிக் கிடந்த வால்வு தூக்கிக்கொள்ளும். அப்புறம் மேல்தொட்டித் தண்ணீர் குழாய் வழியே ஓடிவந்து பூவிலிருந்து கொட்டும். ஆகமொத்தம், தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருப்பது காற்று. அந்தக் காற்றைக் காவல் காப்பது என் உத்தியோகம்.

தினமும் வால்வு ரூமில் காற்றழுத்தம், தண்ணீரழுத்தம் காட்டும் இரண்டு கேஜையும் பார்க்க வேண்டும். முள் இறங்கியிருந்தால் கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை குழாயின் தாழ்ந்த முனைகளைத் திறந்து உள்ளே வியர்த்த தண்ணீரை வடிக்க வேண்டும். அடைமழைக் காலத்தில்கூட ஒரு செம்புக்கு மேல் வராது. பூவுக்கும் பொதிக்கும் நடுவே இரண்டு முழம் விட்டு அடுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், அடுக்கியிருக்க மாட்டார்கள், சண்டை போட வேண்டும். சண்டை எனக்குச் சுலபமாக வந்தது.

"ஒரு செம்புத் தண்ணி பிடிக்க ஒரு ஆளாம்" என்று என் காது படவே சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். அதற்கு முன் ஆறு வருஷம் அரவைக்கூடத்தில் இருந்தவன் நான். பஞ்சுத் தூசு என் நெஞ்சில் குடியேறி, ராத்திரியில் உட்கார்ந்துகொண்டே தூங்குகிற நிலைக்கு வந்துவிட்டேன். குழாய் வேலைக்கு வந்த பிறகுதான் படுத்துத் தூங்கினேன். இந்த வேலை போனால் மறுபடி அரவைக்கூடம்தான். அதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

வேலை போவதற்கு ஒரு வழி இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மெட்ராஸிலிருந்து இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வருவார். தொலைவிலுள்ள முனையைத் திறந்துவிட்டுக் கையில் கடிகாரத்தோடு நிற்பார். ஒரு நிமிஷத்துக்குள் அங்கே தண்ணீர் வர வேண்டும். பிறகு எல்லாவற்றையும் பழையபடி பூட்டிக் காற்றேற்றிக் காட்ட வேண்டும். "இந்த வருசம் சர்ட்டிபிகேட் கிடைக்கலேன்னா குழாயக் கழட்டி இரும்புக்குப் போட்டுருவேன். நீ உன் பழைய எடத்துக்குப் போ" என்று முதலாளி சொல்லிவைத்திருந்தார். சொன்னால் செய்கிறவர்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எனக்கு இழுப்பு வந்து நான்கு நாள் படுத்துவிட்டேன். எழுந்து வந்து கிட்டங்கியில் அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எண்பத்து நாலு பூவிலும் சந்தனம். அதன்மேல் குங்குமம். போனால் போகிறது என்று வைத்த பொட்டு இல்லை. அள்ளி அப்பிய சந்தனம், காய்ந்து ஓடாகியிருந்தது. ஈயப் பற்றின்மேல் இப்படிக் காப்புக் கட்டினால் சூடு எப்படி ஏறும்? இன்ஸ்பெக்டர் வர மூன்று நாள்தான் இருந்தது.

பொதிக்கட்டுப் பெண்களுக்குத் தலைவியாக ஓர் அக்கா இருந்தார். இது அவர் வேலைதான் என்பது கேட்காமலே தெரிந்தது. நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் முடியட்டும் என்று காத்திருந்தார்.

"எல்லா மிசினுக்கும் வச்சோம் தம்பி. இதுக்கு மட்டும் வைக்காம விடவா? தீப்பிடிச்சா எங்களக் காப்பாத்துறது இதுதான்னு நீதான சொன்ன? அதான் ரெண்டு மடங்கு வச்சேன்."

"அப்பிட்டீகளே அக்கா. இனி இது எங்க காப்பாத்தும்?"

"பஞ்சுக்குள்ள நிக்கிறது நாங்க. நீ அங்கன ரூம்புல நிக்கிற. எங்களுக்குப் பயம் இருக்காதா?" என்றார்.

அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் இன்னும் கொஞ்சம் ஏறியது.

பெண்களே சுத்தம் செய்து தருவதாகச் சொன்னார்கள். புளி வேண்டாம், சாம்பல் வேண்டாம், சுரண்டக் கூடாது, பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியும் மெல்லிய பிரஷும் மட்டும் என்று பாடம் நடத்தினேன். அவர்களுக்கு அது அவமானமாக இருந்தது. பித்தளையைப் புளி இல்லாமல் தேய்க்கச் சொல்கிறவனைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? இருந்தாலும் கேட்டுக்கொண்டார்கள். வெந்நீர் கூடாது என்று மட்டும் நான் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரின் சூட்டுக்கே அந்தப் பற்று உருகிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை வாயைத் திறந்து சொல்லத் தோன்றவில்லை. தீ, தீ என்றே நாக்கு பழகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் காலை ரயிலில் வந்து ஆபீஸில் முதலாளியோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். கோடி மூலையில் ஒரே ஒரு பூ பாக்கி. நான் வால்வு ரூமில் கேஜைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று முள் சரிந்தது. அடுத்த மூச்சு விடுவதற்குள் வால்வு டமாரென்று தூக்கிக்கொண்டது. குழாயில் தண்ணீர் ஓடினால் அடிக்கிற மணி வெளியே அடிக்க ஆரம்பித்தது.

வாசலில் முதலாளியும் இன்ஸ்பெக்டரும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

"மூடுலே, பஞ்செல்லாம் போச்சு" என்றார் முதலாளி.

"தொடாதே" என்றார் இன்ஸ்பெக்டர். மணி கேட்டதுமே அவர் கடிகாரத்தை அமுக்கிவிட்டிருந்தார். என்ன இருந்தாலும் தொழில்காரர்.

நான் தண்ணீரை மூடும் சக்கரத்தில் கையை வைத்தபடி இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சம்பளம் தருகிறவர் ஒருவர், சர்ட்டிபிகேட் தருகிறவர் ஒருவர். கிட்டங்கியிலிருந்து, "வந்துருச்சு, தண்ணி வந்துருச்சு" என்று பெண்களின் குரல் கேட்டது.

"நாற்பத்தெட்டு செகண்ட்" என்றார் இன்ஸ்பெக்டர். "இப்ப மூடு."

உள்ளே போய்ப் பார்த்தோம். சேதம் இரண்டு பொதிதான். காற்று சீறியதுமே, அடுத்து வரப்போவது தண்ணீர் என்று அக்கா தார்ப்பாயை இழுத்துவிட்டிருக்கிறார். குழாய் வேலை செய்யும் விதம் பற்றி நான் எப்போதோ சொன்ன பாடத்தில் அது மட்டும் எழுத்துப் பிசகாமல் மனதில் இருந்திருக்கிறது. அவர் தலையிலிருந்து சந்தனமும் குங்குமமும் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வெந்நீர்ச் சட்டி.

"யார் இதைத் திறந்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான்" என்றேன்.

"இல்லீக. நாந்தேன் வெந்நில தொடச்சேன். காஞ்சது எறங்க மாட்டேன்னுருச்சு" என்றார் அக்கா. சந்தனக் கதையையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். நான் கண்ணைக் காட்டிய காட்டலுக்கு ஒரு பலனும் இல்லை.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "சாயங்கால ரயிலுக்குள் பழையபடி காற்றேற்றிக் காட்டினால் கையெழுத்து. இல்லையென்றால் இல்லை" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீரை வடித்து, வால்வின் மூடியைத் துடைத்து உட்காரவைத்து, காற்று கசியாமலிருக்க மேலே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, உருகிப்போன பூவுக்குப் பதில் பெட்டியிலிருந்து புதியதை மாட்டி முடிக்க உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது. இனி காற்று. பம்பை நூறு தரம் அடித்திருப்பேன். நெஞ்சுக்குள் விசில் கேட்டது. இன்னும் இருபது அடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முள் இருந்த இடத்தைவிட்டு ஒரு நூல்தான் நகர்ந்திருந்தது. அரவைக்கூடம் கண்முன்னால் வந்து நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது.

அக்கா என்னைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பம்பைப் பிடித்தார். அவர் களைத்ததும் இன்னொருத்தி, அப்புறம் இன்னொருத்தி. உரல் குத்திய கைகள். ஆள் மாறினாலும் அடி மாறவில்லை. "ஒரு செம்புத் தண்ணிக்காரருக்கு ஒரு குழாய்க் காத்தா" என்று நடுவில் கேலி வேறு. எனக்கு மூச்சு திரும்புவதற்குள் முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறிவிட்டது. இன்ஸ்பெக்டர் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் அசையவில்லை.

அவர் எழுதியதை முதலாளி உரக்கப் படித்தார். குழாய்கள் சரி. பூக்களின்மேல் எதுவும் பூசக் கூடாது. கடைசி வரியை அவர் இரண்டு தரம் படித்தார்: குழாய்க்காரர் நான்கு நாள் இல்லாததால்தான் இவ்வளவும் நடந்தது, ஆகவே இவரை இந்த வேலையிலேயே நிரந்தரமாக வைக்க வேண்டும், வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது. ஆறு வருஷம் தூசு தின்றும் கிடைக்காத நிரந்தரத்தை அக்காவின் சந்தனம் வாங்கித் தந்துவிட்டது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் பாதி சந்தேகம் இருந்தது, நானே திட்டம் போட்டு அப்பச் சொன்னேனோ என்று.

அடுத்த ஆயுத பூஜையன்று நான் ஏணியடியில் காவலுக்கு நின்றேன். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். எண்பத்து நாலு பூவையும் அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு விரலில் வழித்து, என் நெற்றியில் அழுத்தி அப்பினார். அதன்மேல் குங்குமம்.

"அதுக்குத்தான வைக்கக் கூடாது" என்றார். "இதத் தொடச்சுறாத."

துடைக்கவில்லை. வீட்டுக்குப் போகும்வரை அது காய்ந்து இழுத்துக்கொண்டே இருந்தது.