முந்நூற்றுப் பதினேழாம் எண்ணின் விடைத்தாள்

தபால்வழி ஆங்கிலப் பாடத்துக்கு விடைத்தாள் திருத்தும் டீச்சருக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபத்திரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேசைதான் அவருக்கு அலுவலகம். சிவப்புப் பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டே குளிக்கப் போய்விடுவார் என்று தங்கை கேலி செய்வாள். பிள்ளைகளின் பெயரோ முகவரியோ டீச்சருக்குத் தெரியாது. எண்ணும் வயதும் மட்டும்தான் வரும்.

அந்த மாதப் பாடம் பெரியவர்களுக்கே தலை சுற்றும்: ஒரே வடிவச் சொல் எங்கே வினை, எங்கே பெயரடை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 'த விண்டோ வாஸ் புரோக்கன் பை த பாய்' என்றால் பையன் உடைத்தான், அது செயல், ஆகவே வினை. 'த பாய் இஸ் டயர்ட்' என்றால் அவன் களைத்திருக்கும் நிலை, ஆகவே பெயரடை. சந்தேகம் வந்தால் முன்னால் 'வெரி' போட்டுப் பார், பொருந்தினால் பெயரடை என்று டீச்சரே குறுக்குவழி சொல்லியிருந்தார்.

எண் 317, ஒன்பது வயது, சொந்த வாக்கியம் எழுதியிருந்தது: 'ஐ ஆம் வெரி லாக்ட்.'

"மிகவும் பூட்டப்பட்டிருக்கேனாம்!" டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அரை மதிப்பெண்ணையும் குறைத்தார்.

அதே பிள்ளையின் அடுத்த தாளில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதியதுபோல. ஜன்னலில் ஆணி அடித்திருக்கிறது என்றது ஒரு வாக்கியம். விளக்கு அவரால் எடுத்துக்கொள்ளப்பட்டது என்றது அடுத்தது. டீச்சர் முதல் தாளை எடுத்து மறுபடி படித்தார்.

"பிள்ளைங்க எதையாவது எழுதும், அக்கா. நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்றாள் தங்கை.

டீச்சருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினார்: 'உன்னைப் பூட்டுவது யார்?' உறையில் போட்டு ஒட்டி, வழக்கம்போல் அனுப்பிவிட்டார்.

பதினைந்தாம் நாள் 317 வந்தது. பத்துக்குப் பத்து சரி. கையெழுத்துதான் வேறு, அச்சுப் போட்டதுபோல ஒரு பெரியவரின் எழுத்து. சொந்த வாக்கியம் இரண்டு: 'தங்கள் கேள்வி என்னால் படிக்கப்பட்டது. குழந்தை மிகவும் களைத்திருக்கிறது.'

வீட்டுக்குப் போகும் தாளை முதலில் பிரிப்பவர் யார்? இத்தனை வருட அனுபவத்தில் இதுகூடத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார் டீச்சர். காப்பாற்ற நினைத்த பிள்ளையைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டார். கால் மாற்றிச் செருப்பை மாட்டிக்கொண்டு தபால்வழிப் பாட அலுவலகத்துக்கு ஓடினார்.

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார். "அந்தப் பிள்ளையைச் சேர்த்தவரு நேத்தே நேர்ல வந்து பேரை நீக்கிட்டாரு, டீச்சர். இதுல தபால் பெட்டி நம்பர் மட்டும்தான் இருக்கு. வீட்டு அட்ரஸ் குடுக்கவே இல்லை."

"ஆள் எப்படி?"

"தங்கமான மனுஷன். உங்களை நேர்ல பார்த்து நன்றி சொல்லணும்னாரு. உங்க அட்ரஸை எழுதிக் குடுத்தேன்."

டீச்சர் கொண்டையிலிருந்த சிவப்புப் பேனாவை உருவிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வரட்டும்," என்றார். "அந்தப் பிள்ளை எங்கேன்னு சொல்ல அவனை விட்டா யாரு இருக்கா?"