விரைக் கட்டியும் ஒரு ஃபார்மலின் பாட்டிலும்

பயாப்ஸி லேபில் வேலை பார்ப்பவர்களுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு: கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் யாரும் உட்கார மாட்டார்கள். வெட்டிய சதையையும் மைக்ராஸ்கோப்பையும் கட்டிக்கொண்டு மாரடித்த சகாக்களே, தொண்ணூறுகளின் நடுவில், குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோடு லேப் ஒன்றில் நான் டெக்னீஷியனாக இருந்தபோது அடுத்தடுத்து வாங்கிய அதிர்ச்சிகளைக் கேளுங்கள்.

இரண்டு கோடு

தனசேகருக்கு இருபத்தேழு வயது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். சிறுநீர்ப் பாட்டிலை நீட்டிக்கொண்டே, "ஆம்பளை ஸ்டாஃப் யாரும் இல்லியா மேடம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். நான்தான் எல்லாமே என்றேன். அவனை அனுப்பிய டாக்டரின் சீட்டில் எழுதியிருந்தது கர்ப்பப் பரிசோதனை. சம்சாரத்துக்காக இருக்கும் என்று பெயரைக்கூடச் சரியாகப் பார்க்காமல் போட்டேன். கார்டில் பளிச்சென்று இரண்டு கோடு: கர்ப்பம்.

அப்புறம்தான் பெயரைப் பார்த்தேன். தனசேகர். அடுத்த நிமிஷம் கோபம். "சம்சாரத்தோட பாட்டில்ல உங்க பேரை ஒட்டிக் கொடுத்தா நாங்க என்ன செய்யறது?" என்று சத்தம் போட்டுவிட்டேன். முகம் வெளிறிப்போய் அவன் சொன்னான்: "எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலை மேடம்."

பழக்கதோஷம்

சில விரைப் புற்றுநோய்க் கட்டிகள் கர்ப்ப ஹார்மோனைச் சுரக்கும் என்று எங்கள் லேப் டாக்டர் அப்புறம்தான் எனக்கு விளக்கினார். பத்து மாதமாகக் கட்டியை வைத்துக்கொண்டு, வெட்கத்தில் யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறான் பாவி. தாம்பரத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் விரையை எடுத்தார்கள். எடுத்ததை லேபுக்குச் சுமந்து வருவது அந்த நாளில் சொந்தக்காரர்களின் வேலை. அவனுடைய அண்ணன் மோகன் கொண்டு வந்தார்.

கட்டியில் இரண்டு துண்டுகளை மட்டும் தனித்தனிப் பாட்டிலில், சதை அழுகாமலிருக்க வழக்கமாக ஊற்றும் ஃபார்மலின் இல்லாமல் ஐஸில் அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டர். செல்லின் ரிசெப்டரைப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்காக. ஃபார்மலின் பட்டால் அது கெட்டுவிடும். நர்ஸிடம் போனில் மூன்று தடவை அதைச் சொன்னவளே நான்தான். ஆனால் மோகன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஐஸ் டப்பாவைத் திறந்ததும், பன்னிரண்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போய் முதல் பாட்டிலில் ஃபார்மலினை ஊற்றிவிட்டது. இரண்டாவதில் சாய்ப்பதற்குள் டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். தம்பியின் வைத்தியத்துக்கு இதனால் ஒரு குறையும் வராது என்று பதறிப்போன மோகனிடம் சொல்லிவிட்டு, டாக்டர் என் பக்கம் திரும்பினார்: "பத்மா, கொஞ்ச நாள் கையைக் கட்டிப்போட்டுட்டு வேலை பாரு."

எலக்ட்ரீஷியன் சொன்ன விளக்கம்

தப்பித்த துண்டுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்ததில், செல்களைச் சுற்றிப் பழுப்பு வளையம் அப்பியிருந்தது; ரிசெப்டர் இருக்கும் இடம் அதுதான். ஊசி மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போய் வந்து உட்கார்ந்த தனசேகருக்கு டாக்டர் விளக்கினார். செல்லின் மேலே ரிசெப்டர் இருக்கும்; வளர்ச்சிப் பொருள் வந்து தொட்டால்தான் 'வளரு' என்று உள்ளே சேதி போகும். இந்தக் கட்டியில் ரிசெப்டர் மாறியிருக்கிறது, யாரும் தொடாமலே சேதி போகிறதோ என்று சந்தேகம்.

எனக்கே பாதிதான் புரிந்தது. தனசேகர் மொட்டைத் தலையை ஆட்டினான்: "சுவிட்ச்ல கையை எடுத்த பொறவும் மோட்டார் ஓடுதுன்னா, உள்ள காண்டாக்ட் ஒட்டிக்கினு கீது சார், அவ்ளோதான்."

வெளி பெஞ்சு

கூடப் பிறந்தவர்களுக்கும் வருமா என்று உடனே கேட்டான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம், சோதித்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். ஒவ்வொரு ஊசிக்கும் தம்பியைத் தோளில் சாய்த்துக் கூட்டி வந்த மோகன், வழக்கம்போல வெளி பெஞ்சில் இருந்தார். தனசேகர் அவரை உள்ளே கூப்பிட்டு, என் எதிரிலேயே, "அண்ணா, உனக்கு அப்படி ஏதும் இல்லியே?" என்றான்.

மோகன் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே சொன்னார்: "ஒரு வருஷமா கீதுடா. ரெண்டு பேரும் படுத்துட்டா வூட்டை யார் பாத்துப்பாங்க, மொதல்ல உனக்கு நல்லாவட்டும்னு இருந்தேன்."

அண்ணனும் தம்பியும் பிழைத்துக்கொண்டார்கள். செல்லுக்கு மேலே என்ன மாறியது என்று சாயம் போட்டுக் காட்டிய எங்கள் லேப்தான், மாதக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு நோயாளியை 'துணைக்கு வந்தவர்' என்று எழுதி வைத்திருந்தது.