குடித்துக் காட்டியவர்

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு டேங்கர் லாரியில் குடிதண்ணீர் கொண்டுவருபவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வாசலிலும் குழாயிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து, நாம் பார்க்கக் குடித்துக் காட்டிவிட்டுத்தான் தொட்டியை நிரப்புவார். ஒட்ட வெட்டிய மீசை, வெளுத்த காக்கிச் சட்டை, நேராகப் பார்க்கும் கண்கள். எனக்கு அந்தக் கிளாஸ் மேல்தான் சந்தேகம். வயலில் கொட்டும் உரத்தின் நைட்ரேட் கிணற்று நீரில் இறங்கியிருக்கிறதா என்று சோதிப்பது என் தொழில். அதற்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது.

"கிணறு எங்க இருக்கு சேட்டா?"

"கிழக்கே, வாழைத்தோட்டத்துக்கு நடுவுல. நல்ல வெள்ளம் சேச்சி, சுத்தமான தண்ணி."

"யூரியா போடுவாங்களா?"

"போடாம வாழை குலை தள்ளுமா?"

"உங்க வீட்லயும் இதுதானா?"

"இல்ல. வீட்ல சின்னக் கொச்சு இருக்கு. பால்பொடி கலக்கணுமில்ல, குப்பித் தண்ணிதான் வாங்குறது."

அவர் முகம் மாறவே இல்லை.

நைட்ரேட் முதலில் பாதிப்பது புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளைத்தான். அது அவருக்குத் தெரியுமா, இல்லை வெறும் ஜாக்கிரதையா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. லாரி எதிர்வீட்டுக்கு நகர்ந்தது. கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். மாதிரி எடுக்கும் பாட்டிலோடு நான் தெருவைக் கடப்பதற்குள், அவர் கிளாஸை நிரப்பி, அவளைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் குடித்து முடித்திருந்தார்.